ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் கணினியில் வரவில்லை: முதலில் என்ன செய்யக் கூடாது, பிறகு என்ன செய்யலாம்

கேள்வி சுருக்கமாக இது. மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த 1 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். இப்போது லேப்டாப்பில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் ‘திஸ் பிசி’யில் டிஸ்க் வருவதில்லை. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, வேறு எங்கும் பிரதி இல்லை. ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். ஃபார்மட் செய்தால் டிஸ்க் ஒருவேளை திரும்ப வேலை செய்யும், ஆனால் உங்களுக்கு வேண்டியது டிஸ்க் இல்லை, படங்கள். புது டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதனால் இந்தப் பதில் முழுவதையும் ஒரே நோக்கத்தோடு எழுதுகிறேன்: படங்கள் பத்திரமாக வேறு இடத்துக்கு வரும்வரை அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது. விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்டாலும், ‘இனிஷியலைஸ் செய்யட்டுமா’ என்று கேட்டாலும், ‘ஸ்கேன் செய்து சரிபார்க்கட்டுமா’ என்று கேட்டாலும் கேன்சல் கொடுங்கள்.

‘கணினியில் வரவில்லை’ என்பது ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்வது மாதிரி. அஜீரணமாகவும் இருக்கலாம், அப்பெண்டிக்ஸாகவும் இருக்கலாம். டிஸ்க்கைச் செருகியதும் உள்ளே வரிசையாகச் சில காரியங்கள் நடக்கின்றன. போர்ட்டிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் போகிறது. மோட்டார், தகவல் பதிந்திருக்கும் தட்டுகளைச் சுழற்றுகிறது. இந்த வகை டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஹெட்டுகள், அதாவது தகவலைப் படித்து எழுதும் முனைகள், தட்டின் மேல் வந்து, டிஸ்க்கின் சொந்தக் குறிப்புகளை அந்தத் தட்டிலிருந்தே படிக்கின்றன. அப்புறம் யூஎஸ்பி சிப் கணினியிடம் ‘நான் இன்ன டிஸ்க், என் அளவு இவ்வளவு’ என்று அறிவிக்கிறது. கணினி பார்ட்டிஷன் பட்டியலை, அதாவது டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பைப் படிக்கிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தைத் திறக்கிறது, கடைசியாக ஈ அல்லது எஃப் என்று ஒரு எழுத்தைக் கொடுக்கிறது. இதில் எந்தப் படியில் தடை வந்தாலும் நீங்கள் பார்ப்பது ஒன்றுதான்: டிஸ்க் வரவில்லை. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். டிஸ்க் கீழே விழுந்ததா? கோபப்படாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். விழுந்தது என்றால், அதுவும் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்றால், இனி அதைச் செருகவே வேண்டாம். நேராக டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் போக வேண்டிய டிஸ்க் அது.

விழவில்லை என்றால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, டிஸ்க்கை மேசையில் சமமாக வைத்துச் செருகி, காதைப் பக்கத்தில் வையுங்கள். நல்ல டிஸ்க் மெல்லிய ஓசையோடு சுழலத் தொடங்கும், ஓரிரு முறை லேசாக டிக் என்னும், பிறகு ஒரே சீராக ஓடும். விரலை வைத்தால் சன்னமான அதிர்வு தெரியும். இதைக் கேட்டீர்களானால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இயந்திரப் பகுதி நன்றாக இருக்கிறது.

மாறாக டக், டக், டக் என்று ஒரே இடைவெளியில் தட்டும் சத்தம் வந்து, சிறிது நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டால், ஹெட்டுகள் படிக்க முயன்று முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் வருகின்றன என்று அர்த்தம். கொசு ரீங்காரம் போலவோ, விட்டு விட்டு பீப் என்றோ கேட்டால், மோட்டார் சுழல முயன்று முடியாமல் திணறுகிறது. ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மின்சாரம் போதாவிட்டாலும் இதே சத்தங்கள் வரும். அதனால் வேறு கேபிளில், வேறு போர்ட்டில் ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் உடனே கழற்றி வைத்துவிடுங்கள். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தூசித் துகள்கூட அதற்கு மலை. கெட்டுப்போன ஹெட் தட்டை உரசினால், உரசிய இடத்தில் இருந்த தகவலை யாராலும் மீட்க முடியாது. தட்டும் சத்தத்தோடு வந்த ஒரு டிஸ்க்கில் இரண்டு இரவு ரெக்கவரி மென்பொருளை ஓடவிட்டுவிட்டு, பிறகு என்னிடம் கொண்டுவந்தார் ஒரு நண்பர். ரெக்கவரி ஆய்வகத்தில் திறந்தபோது தட்டில் வளையமாகக் கீறல் விழுந்திருந்தது. முதல் நாளே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்று அவர்கள் சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று ஒரு வைத்தியம் பல காலமாக உலவுகிறது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் ஈரம் படியும், தட்டில் நீர்த்துளி இருக்கும்போது ஹெட் ஓடினால் கதை முடிந்தது. தட்டிப் பார்ப்பது, குலுக்குவது, மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம்.

சத்தம் சரியாக இருக்கிறது அல்லது சத்தமே இல்லை என்றால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது கேபிள். விளக்கு எரிகிறதே என்பீர்கள். விளக்கு எரிய மிகச் சிறிய மின்னோட்டம் போதும். அது சர்க்யூட் போர்டு வரை மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், மோட்டார் சுழலப் போதுமானது வருகிறது என்று சொல்லாது. பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும், யூஎஸ்பி 3 போர்ட் 900. சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடி சில டிஸ்க்குகள் அதைவிடவும் அதிகம் கேட்கும். கேபிள் நீளமாக, மெல்லியதாக இருந்தாலோ, நாலு சாமான் மாட்டிய ஹப் வழியாகப் போனாலோ, டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் செருகினாலோ மின்சாரம் தேவையான அளவு போய்ச் சேராது. ஹப்பை எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டிலும், லேப்டாப்பில் சார்ஜரை மாட்டிவிட்டு எதிர்ப்பக்க போர்ட்டிலும் செருகிப் பாருங்கள்.

போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில் அகலமான, நடுவே பிளவு விழுந்த மாதிரி ஒரு முனை இருக்கும். யூஎஸ்பி 3 மைக்ரோ பி என்று பெயர். தினமும் செருகி எடுக்கும் இடம் அது, சீக்கிரம் தளர்ந்துவிடும். கேபிளை லேசாக அசைத்தால் கணினியில் ‘டிங்’ ஓசை வந்து போகிறதா? அப்படியானால் பிரச்சினை அங்கேதான். கையில் வேறு அகல முனை கேபிள் இல்லாவிட்டாலும் பழைய ஆண்ட்ராய்டு போனின் சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிள், அந்த அகலமான வாயின் பெரிய பாதியில் சரியாகப் பொருந்தும். வேகம் குறையும், ஆனால் டிஸ்க் நன்றாக இருந்தால் வந்துவிடும். ஒரே நிபந்தனை, அந்தக் கேபிள் போனிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்ற உதவிய கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் மலிவுக் கேபிள்களில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது.

மேசையில் நிற்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் உண்டு, டிஸ்க்கைவிட முன்னதாக அடாப்டர் போவது சகஜம். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், பிளஸ் மைனஸ் திசை மூன்றையும் பார்த்து வாங்குங்கள். முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரைச் செருகி போர்டை எரித்தவர்கள் இருக்கிறார்கள்.

கேபிள், போர்ட், வேறொரு கணினி எல்லாம் பார்த்தாகிவிட்டதா? சரி, இனி கணினி என்ன சொல்கிறது என்று கேட்போம். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். திறந்ததும் ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று பெட்டி வந்தால் கேன்சல். கீழ்ப் பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசை இருக்கும். டிஸ்க்கைக் கழற்றிச் செருகும்போது எந்த வரி மறைந்து தோன்றுகிறதோ அதுதான் உங்களுடையது. 1 டிபி டிஸ்க் அங்கே 931 ஜிபி என்று காட்டும், அது சரியான கணக்குதான், பயப்பட வேண்டாம்.

அந்த வரியில் அளவு சரியாக இருந்து, ‘ஹெல்தி’ என்றும், ஃபைல் சிஸ்டத்தின் வகையாக என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றும் எழுதியிருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ரைட் கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’, ‘ஆட்’, ஓர் எழுத்து. முடிந்தது. அலுவலக நெட்வொர்க் டிரைவ் அதே எழுத்தைப் பிடித்து வைத்திருந்தால் இப்படி ஆகும். ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் இடதுபக்கப் பெட்டியை ரைட் கிளிக் செய்து ‘ஆன்லைன்’ ஆக்கலாம். ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு அப்படியே குளோன் செய்து இரண்டையும் சேர்த்து மாட்டினால் இது வரும்.

அளவு சரியாக இருந்து ‘ரா’ என்று காட்டினால், ஃபைல் சிஸ்டம் விண்டோஸுக்குப் புரியவில்லை. ‘டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்பதும் இந்த நிலையில்தான், மக்கள் பதறிப்போய் ஆமாம் என்று அழுத்துவதும் இங்கேதான். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கியதால் அட்டவணை சிதைந்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் என்டிஎஃப்எஸ்ஸில் இருப்பது போல, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் அதில் இல்லை. இன்னொன்று, அது விண்டோஸ் டிஸ்க்கே இல்லை. மேக்கில் ஃபார்மட் செய்தது, லினக்ஸில் செய்தது, அல்லது டிவியில் மாட்டியது. டிவியையும் செட்டாப் பாக்ஸையும் குறிப்பாகச் சொல்கிறேன். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியை இயக்கினால் அவற்றில் பல, டிஸ்க்கைத் தங்களுக்குப் புரிந்த முறையில் ஃபார்மட் செய்துவிடும். திரையில் வந்த கேள்விக்கு வீட்டில் யாராவது ஓகே கொடுத்திருப்பார்கள். அதையும் விசாரியுங்கள்.

வரி முழுவதும் ‘அன்அலோகேட்டட்’ என்று கருப்புப் பட்டையாக இருந்தால் பார்ட்டிஷன் பட்டியல் காணாமல் போயிருக்கிறது, படங்கள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் மட்டும் கிழிந்த நிலை.

அளவே காட்டாமல் ‘நாட் இனிஷியலைஸ்டு’, ‘நோ மீடியா’ என்று இருந்தாலோ, படிப்பதில் தவறு என்று சொல்லும் ஐ/ஓ எரர் அல்லது சிஆர்சி எரர் வந்தாலோ விஷயம் கொஞ்சம் கனமானது. யூஎஸ்பி சிப் பேசுகிறது, ஆனால் பின்னால் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வரியே இல்லை, டிவைஸ் மேனேஜரில் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று மஞ்சள் முக்கோணம் மட்டும் இருக்கிறது என்றால், கேபிள், போர்ட், யூஎஸ்பி சிப் மூன்றில் ஒன்று. அந்த வரியை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, கணினியை முழுதாக அணைத்து எழுப்பிப் பாருங்கள். முழுதாக என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால் சாதாரண ஷட்டவுன் பாதித் தூக்கம்தான், பழைய டிரைவர் கோளாறு அப்படியே திரும்ப எழும்.

மேக் வைத்திருப்பவர்கள் ‘டிஸ்க் யூட்டிலிட்டி’யில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ போட்டுப் பாருங்கள். சரியாகக் கழற்றாத பெரிய எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை மேக் தானாகச் சோதித்த பிறகே காட்டும், அதற்கு வெகுநேரம் ஆகலாம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பிடுங்க வேண்டாம்.

இப்போது படங்களை எடுக்கும் வேலை. டிஸ்க்கின் உடல்நிலை தெரிய ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை அது காட்டும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள்: மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (தட்டில் தகவல் பதியும் சிறு கட்டங்கள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யம் என்றால் நல்ல செய்தி. சி5 ஏறியிருந்தால் அந்த டிஸ்க்குக்கு நாள் குறித்தாகிவிட்டது, எடுப்பதை இன்றே எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்வார்கள். நான் கடுமையாக மறுக்கிறேன். செக்டிஸ்க்கின் கடமை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவது, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது இல்லை. ஒழுங்கில் சேராத குறிப்புகளை அது வெட்டி எறியும், ஃபோல்டர்கள் காணாமல் போய்ப் பெயரில்லாத துண்டுகளாக வந்து நிற்கும். செக்டர் கெட்ட டிஸ்க்கில் ஓட்டினால் நோயாளியை மாரத்தான் ஓடவிட்ட கதைதான். பிரதி எடுத்த பிறகு ஓட்டுங்கள், தடையில்லை.

ஃபோல்டர்கள் திறக்கின்றன, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றால், முதலில் எது போனால் திரும்ப வராதோ அதை நகலெடுங்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் அப்புறம். ஃபோல்டர் திறக்கவில்லை, அல்லது நகலெடுக்கும்போது அடிக்கடி நிற்கிறது என்றால் இழுத்துப் போடுவதை விட்டுவிட்டு, முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக இமேஜ் எடுக்க வேண்டும், அதாவது டிஸ்க்கின் அச்சு அசலான பிரதி. அதற்கு ‘டிடிரெஸ்க்யூ’வைவிட நம்பகமான இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. உபுண்டு பென்டிரைவில் கணினியைத் தொடங்கி அதை நிறுவி ஓட்டலாம். நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொள்ளும், கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். எங்கே எதை எடுத்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய டிஸ்க்கைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க் வேண்டும். கட்டளையில் எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் அளவையும் மாடல் எண்ணையும் பார்த்து இரண்டு முறை உறுதி செய்யுங்கள். இரண்டும் இடம் மாறினால் வெறும் டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும்.

இமேஜ் கைக்கு வந்துவிட்டால் டென்ஷன் குறையும், பழைய டிஸ்க்கைப் பெட்டியில் வைத்துவிட்டு இமேஜில் வேலை செய்யலாம். பார்ட்டிஷன் காணாமல் போனதற்கு ‘டெஸ்ட்டிஸ்க்’, ஃபைல் சிஸ்டம் முழுவதும் சிதைந்ததற்கு ‘ஃபோட்டோரெக்’. இரண்டும் இலவசம், ஒரே தொகுப்பில் வருகின்றன. ஃபோட்டோரெக் ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்க அடையாளத்தையும் தேடிப் படங்களை மீட்கும். பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் கிடைக்காது, ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் பிறகு அடுக்கிக்கொள்ளலாம். மீட்டவற்றை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

யூஎஸ்பி சிப் மட்டும் போயிருந்தால் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சாட்டா டிஸ்க்கை (கணினிக்குள் மாட்டும் வகை முனை உள்ளது) வேறு அடாப்டரில் மாட்டலாம் என்பார்கள். பல டிஸ்க்குகளில் இது நடக்கும். ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சாட்டா முனையே இருக்காது. அதோடு, நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தகவல் அந்தச் சிப் வழியாக என்கிரிப்ட் ஆகித்தான் தட்டில் பதிகிறது, வேறு வழியில் படித்தால் குப்பையாகத்தான் தெரியும். அதே மாடல் போர்டு ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் என்பதும் இப்போது செல்லாது. அந்தந்த டிஸ்க்குக்கென்று அளந்து பதித்த எண்கள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன, அதையும் இடம் மாற்ற வேண்டும்.

ஆய்வகத்துக்குக் கொண்டு போக நேர்ந்தால் டிஸ்க்கை எங்கே திறப்பார்கள் என்று கேளுங்கள். தூசியில்லாத அறையோ காற்று வடிகட்டும் மேடையோ இல்லாமல் சாதாரண மேசையில் திறப்பவரிடம் கொடுக்க வேண்டாம். என்ன பழுது, எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லிவிட்டு உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குபவராக இருக்கட்டும்.

உங்கள் டிஸ்க்கைப் பற்றி என் கணிப்பு: விழவில்லை, சத்தம் சீராக இருக்கிறது என்றால் பெரும்பாலும் கேபிளில் அல்லது ஃபைல் சிஸ்டத்தில்தான் கோளாறு. இன்றைக்கு அகல முனை கேபிள் ஒன்று வாங்கி மாட்டிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போனில் படமெடுத்து, கேட்ட சத்தத்தையும் சொல்லுங்கள், அடுத்த படியைச் சேர்ந்து பார்ப்போம். படங்கள் கிடைத்துவிட்டாலும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். நகலிலிருந்து அங்கங்கே சில படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள், வீடியோக்களைக் கடைசி வரை ஓடவிடுங்கள். சின்னதாக முழுசாய்த் தெரியும் படம், திறந்ததும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக வந்தால், அந்தக் கோப்பு முழுதாக வந்து சேரவில்லை, அதற்காக இன்னொரு முறை பழைய டிஸ்க்கிடம் போக வேண்டியிருக்கும்.